பரிசல் பாடத்தைச் சோதித்தவர்

ஆறு மலையை விட்டு இறங்கி அகலமாகிற இடத்தில் ஒரு மடம் இருந்தது. மடத்துக்குத் தலைவி நாச்சியம்மை. வயது நாற்பதுகூட ஆகவில்லை. சீடர்களில் பாதிப்பேர் அவளைவிட மூத்தவர்கள். அவர்களிலும் மூத்தவர் மாதப்பர். காலமெல்லாம் பரிசல் ஓட்டியவர்.

சுற்றுவட்டாரத் துறைகளில் பரிசல் ஓட்டச் சொல்லிக்கொடுக்க மடம் ஆள் வைத்திருந்தது. சொல்லிக்கொடுப்பது ஒருவர், பாடம் ஏறியிருக்கிறதா என்று போய்ப் பார்த்துவருவது இன்னொருவர். அந்தப் பார்த்துவருகிற வேலை இந்த வருஷம்தான் மாதப்பரிடம் வந்திருந்தது.

முதல் துறைக்குப் போய்வந்து, "பிரமாதம் தாயே! அத்தனை பேரும் அக்கரை சேர்ந்தாங்க. அங்க நடக்கிற பாடத்துல ஒரு குறை சொல்ல முடியாது" என்றார்.

அவர் தேறியதாகச் சொன்னவர்களில் ஒருவன் ஓட்டிய பரிசல், நல்ல வெயில் நாளில், அலையே இல்லாத தண்ணீரில் கவிழ்ந்தது. ரெண்டு ஆடு போயிற்று. ஒரு புதுப்பெண்ணைத் தலைமுடியைப் பிடித்துத்தான் தூக்கினார்கள்.

நாளைக்கு அவர் கீழ்த்துறைக்குப் போகவேண்டும். அங்கே கைக்குழந்தைக்காரிகள் வைத்தியரைப் பார்க்க ஆற்றைத் தாண்டுவார்கள். மாதப்பருக்குச் சோறு இறங்கவில்லை.

"தாயே, இந்த வேலைக்கு நான் லாயக்கா, இல்லையா? ஒரு வார்த்தையில சொல்லிடுங்க."

"நீங்களே உங்களை எடைபோட்டுச் சொல்லுங்க, மாதப்பண்ணே."

"காலையிலயும் இதையேதான் சொன்னீங்க."

"காலையிலயும் இதையேதான் கேட்டீங்க."

அவருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. இவளிடம் ஒரு கேள்வி கேட்டால், போன வேகத்தில் திரும்பி வந்து நம் மடியிலேயே உட்கார்ந்துகொள்கிறது.

"சரி, சொல்றேன். கண்ணு நல்லாத் தெரியுது. எந்தச் சுழி எங்க இருக்குன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பொறுமை உண்டு. கத்துக்கிறவங்களை ஒரு வார்த்தை கடிஞ்சதில்லை. சோதிக்கிறப்ப துடுப்புல கை வைக்கவே மாட்டேன், அதுல ரொம்பக் கண்டிப்பு. போதுமா?"

"குறை?"

"யோசிச்சுப் பார்த்தேன். ஒண்ணும் தட்டுப்படலை."

"அப்ப பரிசல் ஏன் கவிழ்ந்தது?"

"அதைக் கவுத்தவனைக் கேளுங்க! என் எதிர்ல பூ மிதக்கிற மாதிரி ஓட்டினான். நான் இந்தப் பக்கம் திரும்பினதும் மறந்துட்டான். அவன் மறதிக்கு நான் என்ன பண்ணுவேன்?"

நாச்சியம்மை தலையில் அடித்துக்கொண்டாள். துறவிகள் அப்படி அடித்துக்கொள்ளலாமோ கூடாதோ, அவள் அடித்துக்கொண்டாள்.

"எழுந்திருங்க. என்னைச் சோதிங்க."

"உங்களையா? நீங்க துடுப்பைத் தொட்டதே கிடையாதே!"

"கத்துக்கிட்டு வந்தவன்னு வச்சுக்குங்க. கீழ்த்துறையில எப்படிச் சோதிப்பீங்களோ, அப்படியே. ஒண்ணும் மாத்தக் கூடாது."

மாதப்பர் முணுமுணுத்துக்கொண்டே போய்ப் பரிசலைத் தண்ணீரில் தள்ளினார். அவள் துடுப்போடு முன்னால் உட்கார்ந்தாள். அவர் எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

கிளம்பியதுமே பரிசல் சுற்ற ஆரம்பித்தது. மாதப்பர் தொண்டையைச் செருமினார். அவள் துடுப்பை மறுபக்கம் மாற்றினாள். "ம்" என்றார். சுற்றுவது நின்றது.

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு துழாவினாள். மூத்தவர் என்கிற மரியாதை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

நடு ஆற்றில் இழுப்பு கூடியது. அவர் உடம்பு இடதுபக்கம் சாய்ந்தது. அவளும் சாய்ந்தாள்.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், தாயே. ஆனா அந்தப் பாறையைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"பார்த்தாச் சரி. துடுப்பை ஆழமா விட்டு இழுக்கணும்னெல்லாம் நான் சொல்லப்போறதில்லை."

அவள் ஆழமாக விட்டு இழுத்தாள்.

"அய்யய்யோ, இவ்வளவு வேகமா இல்லை! சரி சரி, நான் பேசலை. நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க."

பாறை பக்கத்தில் வழுக்கிக்கொண்டு போயிற்று. கொஞ்ச நேரத்தில் பரிசல் அக்கரை மணலில் முட்டி நின்றது.

நாச்சியம்மை மூச்சு வாங்கினாள். "நான் தேறினேனா?"

"தேறினேனான்னா கேக்கறீங்க!" மாதப்பர் முகமெல்லாம் சிரிப்பாகக் குதித்து இறங்கினார். "பிறவிக் கை, தாயே! துடுப்பை நான் தொடக்கூட இல்லை, பார்த்தீங்கல்ல?"

கரையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு பரிசலுக்காக வெகுநேரமாய்க் காத்திருந்தாள். நாச்சியம்மை பரிசலில் உட்கார்ந்தபடியே அவளைக் கூப்பிட்டாள்.

"ஏறிக்கோம்மா. நான் கொண்டுபோய் விடுறேன். அண்ணே, நீங்க இங்கேயே இருங்க."

அந்தப் பெண் ஒரு காலை உள்ளே வைத்தாள்.

"ஏறாதே!" மாதப்பர் பாய்ந்து பரிசல் விளிம்பை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஏறாதேம்மா! அவங்களுக்கு ஓட்டத் தெரியாது!"

அந்தப் பெண் ஒற்றைக் காலில் நின்றபடி அவரை முறைத்தாள். "என்ன பெரியவரே, விளையாடுறீங்களா? இப்பத்தான் பிறவிக் கைன்னு ஊருக்கே கேக்கிற மாதிரி கத்தினீங்க. தெரியுமா, தெரியாதா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. புள்ளைக்குக் காய்ச்சல் அடிக்குது."

குழந்தை சிணுங்கியது. மாதப்பர் விளிம்பைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

நாச்சியம்மை துடுப்பை அவர் பக்கம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். அந்தப் பெண் குழந்தையை அணைத்துக்கொண்டு ஏறினாள்.

பாறை தாண்டியதும் மாதப்பர் மெதுவாகச் சொன்னார். "நாளைக்கு நான் பரிசல்ல ஏறலை, தாயே. கரையிலேயே நின்னு பார்க்கிறேன்."

நாச்சியம்மை ஓடுகிற தண்ணீரில் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தாள்.

அவர் இன்னும் நாலு தடவை துடுப்புப் போட்டார். பிறகு துடுப்பை நிறுத்தினார்.

"கரையில நின்னாலும் என் வாய் சும்மா நிக்காது, தாயே."

நாச்சியம்மை தண்ணீரிலிருந்து கையை எடுத்து அவர் பக்கம் திரும்பினாள்.

"இப்பத்தான் எடை சரியா வந்திருக்கு. கீழ்த்துறைக்குப் போயிட்டு வாங்க" என்றாள்.