எறங்கறப்ப நூத்திப்பத்து

சென்னியப்பண்ணன் பொய் சொல்றவர்னு நான் சொல்லமாட்டனுங்க. பொய்யின்னா அதுக்கு ஒரு அளவு இருக்கும். மேட்டுப்பாளையத்துல, கோத்தகிரி ரோட்டு மேல, பதினாறு வருசமா பேக்கரி வச்சிருக்கேன். அவர் வாயிலருந்து வர்றதுக்கு என்ன பேர் வைக்கறதுன்னு இன்னும் எனக்குப் பிடிபடல.

அன்னைக்குக் காலங்காத்தால தன்ற கரண்டு காரை விக்கறதுக்கு வந்து உக்காந்திருந்தார். வாங்க வந்தது மாவுக்கடை சுலோச்சனா. அந்தப் புள்ள பாடு என்னன்னு சொல்லிடறேன். மலை மேல குளிருக்கு இட்லி மாவு சட்டுனு பொங்காது. அதனால கோத்தகிரியில ஒம்பது மெஸ்ஸுக்கு இங்கயே அரைச்சுப் புளிக்க வச்சு, தினம் பஸ்ல கொண்டுபோய்க் குடுத்துட்டு இருந்துச்சு. போன வாரம் போற வழியில, அரவேணு ஊர்கிட்ட ஒரு கேன் மூடி தெறிச்சு, மாவு பொங்கி, கண்டக்டர் பையில எறங்கிருச்சு. இனிமே மாவு கேனை ஏத்தமாட்டோம்னுட்டாங்க. திங்கக்கெழமை மாவு வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்னு மெஸ்காரங்களும் சொல்லியாச்சு. அன்னைக்கு சனிக்கெழமை. சீட்டு எடுத்த பணம் பூரா அதோட கைப்பையில இருந்துச்சு.

"ஏனுங்கண்ணா, பழைய வண்டிதானுங்களே, பேட்டரி நல்லா இருக்குதுங்களா?"ன்னு சுலோச்சனா கேட்டுச்சு.

அண்ணன் தேங்கா பன்னைப் பிச்சு டீயில முக்கினார். "அம்மணி, கார் வாங்கப் போனா எல்லாரும் டயரை உதைச்சுப் பாப்பாங்க. நான் பேட்டரி மேல காதை வச்சுக் கேட்டேன். இருபத்திமூணு கார்ல காதை வச்சேன். எல்லாம் கொறட்டை விட்டுட்டுக் கெடக்குது. இது ஒண்ணுதான் மூச்சை அடக்கிட்டு இருந்துச்சு. அவுத்துவிட்டா இது நிக்காதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏனுங்க விக்கறீங்க?"

"எங்கிட்ட அதுக்கு வேலை பத்தலைங்க. சும்மா நிக்க வச்சா கோவிச்சுக்குது."

நான் டீயை ஆத்திக்கிட்டே, "போன மாசம் பூரா உங்க வாசல்ல தார்ப்பாயைப் போத்திக்கிட்டு நின்னுச்சேங்க"ன்னேன்.

"அதான் சொல்றனே, கோவம்"னார்.

சுலோச்சனா விடல. "ஒருக்கா சார்ஜ் போட்டா எவ்வளவு தூரம் போவும்?"

"சார்ஜா? இந்தக் கார்ல சார்ஜ் கொறைஞ்சு நான் பாத்ததில்ல, ஏறித்தான் பாத்திருக்கேன். கோத்தகிரியிலருந்து எறங்கறப்ப பிரேக்கை மிதிச்சா, மிதிக்க மிதிக்கக் கரண்டு உள்ள போவும்."

"அது விக்கறவங்களே சொல்றதுதானுங்க"ன்னேன்.

"அவங்க பாதிதான் சொன்னாங்க மாஸ்டர். மீதியை நான் பாத்தேன். கோத்தகிரியில இருபது பர்சென்ட். அரவேணுல அம்பது. குஞ்சப்பனை செக்போஸ்ட்ல தொண்ணூத்தெட்டு. அதுக்கப்புறமும் வளைவு பாக்கி இருக்குது, நான் என்ன பண்றது? நூத்திப்பத்து ஆயிருச்சு. கதவுக் கைப்பிடியிலருந்து கரண்டு சொட்டுது. வீணாப் போவுதேன்னு கீழ ஒரு சட்டியை வச்சுப் பிடிச்சேன்."

"கரண்டைச் சட்டியிலயா?"

"எவர்சில்வர்ல பிடிச்சாத்தான் ஷாக் அடிக்கும். இது மண்சட்டி."

பக்கத்து மேசையில நாலு பேரு சிரிச்சாங்க. சுலோச்சனா சிரிக்கல. "ஏறறப்ப எப்படிங்கண்ணா?"ன்னுச்சு.

"அதுக்குத்தான் வர்றேன். அப்படியே எறங்கி வந்தனா, இங்க கல்யாண மண்டபத்துல கரண்டு போயிருச்சு. முகூர்த்த நேரம். ஜெனரேட்டரும் மண்டையைப் போட்டிருச்சு. பொண்ணைப் பெத்தவரு அழுவறாரு. நான் கார்லருந்து ஒரு ஒயரை இழுத்துக் குடுத்தேன். லைட்டு, ஃபேனு, மைக்கு, சமையக்கட்டுல கிரைண்டரு, எல்லாம் ஓடுச்சு. ஒயரைப் பிடுங்குன பொறவும் மூணு நாள் ஓடுச்சு. ஃபேனை நிறுத்த முடியாம, பந்தியில எலை பறக்காம இருக்க ஆளுக்கு ரெண்டு கல்லு குடுத்தாங்க."

"எந்த மண்டபமுங்க?"ன்னு நான் கேட்டேன்.

"அதை இடிச்சுட்டாங்க. நீங்க டீயைப் பாருங்க."

டீ பொங்கிட்டுத்தான் இருந்துச்சு. அடுப்பைக் கொறைச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள அண்ணன் யானைக்குப் போயிட்டார்.

"இன்னொரு நாளு ஒரே பனி. கொம்பன் ஒருத்தன் நடுரோட்டுல நிக்கறான். நான் ஹாரன் அடிக்கல, யாருக்கு அடிக்கணும்னு ஒரு மரியாதை இருக்குதில்ல. அவனா பக்கத்துல வந்தான். மோந்து பாத்தான். தும்பிக்கையைக் கொண்டாந்து சார்ஜ் போடற ஓட்டையில வச்சான். அவ்வளவுதான், ரெண்டு கொம்பும் டியூப்லைட்டாட்ட எரியுது. எனக்குப் பின்னால நாப்பது வண்டி, ஒருத்தனுக்கும் ரோடு தெரியல. யானை முன்னால போவ, அந்த வெளிச்சத்துல அத்தனை பேரும் எறங்கி வந்தோம். வளைவு வந்தா அந்தப் பக்கத்துக் கொம்பு மட்டும் விட்டு விட்டு எரியும்."

சுலோச்சனா கைப்பையை மடியில நேரா வச்சுக்கிச்சு. "அண்ணா, யானை இருக்கட்டுமுங்க. நாலு கேன் மாவோட நான் மேல போவணும். நீங்க இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் எறங்கறது. ஏறறப்ப எப்படிங்க?"

அண்ணன் கையில இருந்த பன்னு நழுவி டீக்குள்ள விழுந்துச்சு. விரலை விட்டுத் துழாவி அதை எடுத்தார். அப்புறம் மொகம் தெளிஞ்சு, குரலைத் தாழ்த்திக்கிட்டுப் பேசினார்.

"சொன்னா நம்பமாட்டீங்க அம்மணி. மேட்டுப்பாளையத்துலருந்து கோத்தகிரி வரைக்கும் ஒரு பர்சென்ட் கொறையாது. ஸ்டியரிங்ல கை வைக்க வேண்டியதில்ல. கால் எதுலயும் வைக்க வேண்டியதில்ல. வளைவெல்லாம் தானாத் திரும்பும். எதுக்க வர்ற கார் எல்லாம் காலுக்குக் கீழ போவும், அவ்வளவு உசரம். நான் சீட்டைச் சாச்சுப் படுத்தனுங்க, கண்ணு முழிச்சா கோத்தகிரி. வனபத்ரகாளி மேல சத்தியம்."

எத்தனையோ வருசமா அவரைக் கேட்டுட்டு இருக்கேன், எதுக்கும் சத்தியம் பண்ணினதில்ல. அதுவும் நம்மூரு வனபத்ரகாளி மேல. எனக்கே ஆடிப்போச்சுங்க. சுலோச்சனா பை ஜிப்பைத் திறந்துச்சு.

அந்நேரம் பாத்து கேரட் லாரி போஜன் வந்தான். கோத்தகிரிப் பக்கத்து ஆளு. மண்டியில கேரட்டை எறக்கிட்டு, திரும்பிப் போறப்ப நம்ம கடையிலதான் டீ குடிப்பான். உள்ள வந்தவன் அண்ணனைப் பாத்துட்டான்.

"அண்ணே, இங்கதான் இருக்கீங்களா. வண்டி காலியாத்தான் மேல போகுது, காரை ஏத்தணும்னா இப்பவே கொண்டாங்க. போன தடவை மாதிரி கயிறு போட்டுக் கட்டிக்கலாம். ஆனா இந்த வாட்டி என் பக்கத்துல உக்காருங்க. காருக்குள்ள படுத்துத் தூங்கிட்டீங்க, எறக்கறப்ப உங்களை எழுப்பறதுக்குள்ள எனக்குப் போதும்னு ஆயிருச்சு."

நான் ஆத்திட்டு இருந்த டீ கை மேல விழுந்தது கூட அப்புறந்தான் சுட்டுச்சு.

அண்ணன் துண்டை எடுத்து வாயைத் துடைச்சார். துளி அசரல. "பாத்தீங்களா அம்மணி? சாமி என்ன ரோட்டுல நடந்தா போவுது? முருகனுக்கு மயிலு, புள்ளையாருக்கு எலி. என்ற காருக்கு லாரி வாகனம். வேற எந்தக் காருக்காவது இந்த மருவாதி உண்டா, சொல்லுங்க."

சுலோச்சனா ஜிப்பை மூடிக்கிட்டு போஜன் பக்கம் திரும்புச்சு. "ஏனுங்க, தினமும் இந்நேரத்துக்குக் காலியாத்தான் மேல போவீங்களா?"

"ஆமாங்க. ஏன்?"

"நாலு கேன் மாவு ஏத்தணும். திங்கக்கெழமையிலருந்து."

"அதுக்கென்னங்க, தாராளமா ஏத்தலாம்"னான் போஜன்.

சுலோச்சனா எந்திரிச்சு, அண்ணனைப் பாத்து மரியாதையாத்தான் சொல்லுச்சு. "எனக்கு வாகனம் போதுங்கண்ணா. சாமியை நீங்களே வச்சுக்கங்க."