புதன்கிழமைச் சாவி

“ஏலாதாம், ரீச்சர்.”

நகரசபைக்குப் போய் வந்த சிவபாதம் தொப்பியைக் கழற்றி மேசைமேல் எறிந்தார்.

“என்ன சொன்னாங்க?” என்று கேட்டார் ஜைனபா டீச்சர்.

“அதைத்தானே சொல்லுறன். ஏலாதாம். அடுத்த மாசத்தில இருந்து அறையை யோகாச் சங்கத்துக்குக் குடுக்கினமாம். எங்கட யோகாவைக் காட்டி எங்களையே கலைக்கிறாங்கள்!”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? நன்றி, மெர்சி எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்.”

டீச்சர் கரும்பலகையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

பாரிசுக்கு வடக்கே ஒரு சின்ன நகரம் அது. அங்கே நகரசபை நூலகத்துக்குப் பின்னால் ஓர் அறை. புதனும் சனியும் மாலையில் தமிழர்கள் அங்கே வந்து பிரெஞ்சு படிப்பார்கள். சொல்லிக்கொடுப்பவர் ஜைனபா டீச்சர்.

டீச்சர் காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு நடத்தியவர். கல்யாணமாகி இங்கே வந்து வேலை கேட்டபோது, பிரெஞ்சுக்காரர்களுக்கே பிரெஞ்சு சொல்லிக்கொடுக்க வந்தாயா என்று சிரித்தார்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு அலுவலகங்களில் தரை துடைக்கப் போனார். காலை நனைக்காமல் தாண்டிப் போனவர்கள் பேசிய பிரெஞ்சில் பிழை இருந்தால் மனசுக்குள் திருத்திக்கொண்டே துடைத்தார்.

பிறகு எப்படியோ இந்த அறை கிடைத்தது. எப்படி என்று யாரிடமும் அவர் சொன்னதில்லை.

அறை போனால் வகுப்பு போகும். வகுப்பு போனால் வாளி திரும்பி வரும்.

“நான் ஒரு பிழை விடேல்லை, ரீச்சர்,” என்றார் சிவபாதம். குரல் ஏறிக்கொண்டே போனது. “நீங்கள் சொல்லித் தந்த வசனத்தை அப்பிடியே வைச்சன். அங்க இருந்த அதிகாரி மனுசி கண்ணாடிக்கு மேலால ஒரு பார்வை பார்த்தா. ‘செ பா போசிபிள், மிஸ்யூ.’ முடியாது, ஐயா! அவ்வளவுதான். ரெண்டு வருசம் படிச்ச படிப்பு அதில முடிஞ்சுது. என்னத்துக்கு இந்தப் பிரெஞ்சு?”

“நல்ல கேள்வி.”

“கேள்வி கிடக்கட்டும். நீங்களே போய்க் கேளுங்கோ. உங்கட பிரெஞ்சு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும்.”

“நான் போக மாட்டேன்.”

“ஏன்?”

“ரெண்டு வருஷம் படிச்சீங்கள்ல. பரீட்சை வேணாமா?”

“பரீட்சையோ! தோத்துப்போனா?”

“நான் தரை துடைக்கப் போவேன்.”

நாளைக்கு மழை வரும் என்று சொல்வதைப் போல அதைச் சொன்னார்.

“உங்களுக்கு என்ன விசரே?” என்று கத்தினார் சிவபாதம். கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். தொப்பியை மறந்திருந்தார். திரும்பி வந்து அதை எடுத்துக்கொண்டு, மறுபடியும் கதவை அறைந்தார்.

*

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சிவபாதம் வேறு ஆள்.

ஒரு பெட்டி வெண்டிக்காயோடு அந்தச் சந்தைக்குள் நுழைந்தவர் அவர். இப்போது நீளமான மேசை, மேலே கூரைத்துணி, கீழே பாகற்காயும் கத்தரிக்காயும் மலைமலையாக. விலை சொல்வார். அல்ஜீரியப் பெண் ஒருத்தி நெஞ்சில் கை வைப்பாள். இவரும் நெஞ்சில் கை வைப்பார். அவள் முழங்கால் வலியைச் சொல்வாள். இவர் வீட்டு வாடகையைச் சொல்வார். அவள் நாலடி நடந்து போவாள். இவர் கூப்பிடுவார். முடிவில் இரண்டு பேருமே தாங்கள்தான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு பிரிவார்கள்.

பேரம் பேசாமல் வாங்கிப் போகிறவர்களை சிவபாதத்துக்குப் பிடிக்காது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் போகிற விருந்தாளி போல அவர்கள்.

அன்றைக்கு ஜைனபா டீச்சர் வந்தார். பச்சை முக்காடு, கையில் துணிப்பை. ஒரு கட்டு முருங்கைக்காயைத் தூக்கிப் பார்த்தார்.

“என்ன வெலைண்ணே?”

சிவபாதத்துக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. வாய்க்கு வந்த விலையைச் சொன்னார். அது காயின் விலை இல்லை, மரத்தின் விலை.

“மெர்சி, மிஸ்யூ,” என்றார் டீச்சர். கட்டை வைத்துவிட்டு நடந்தார்.

கூப்பிடுவதற்குத் தோதாக மெதுவாகவும் நடக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. உண்மையாகவே போய்க்கொண்டிருந்தார்.

“ரீச்சர்!”

போய்க்கொண்டிருந்தார்.

சிவபாதம் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். மீன்கடை வாசலில் வழிமறித்தார்.

“என்ன ரீச்சர் இது? விலை கேட்டீங்கள், சொன்னன். அதுக்கு இப்பிடியே போறதோ?”

“சொன்னீங்க. எனக்குக் கட்டுப்படியாகல. வந்துட்டேன்.”

“குறைச்சுக் கேளுங்கோவன்! முத்தல் எண்டு சொல்லுங்கோ, வாடல் எண்டு சொல்லுங்கோ, என்னை நாலு பேச்சுப் பேசுங்கோ! நான் தேங்காய் உடைச்சமாதிரி ‘இல்லை’ எண்டாலும் நிண்டு கேளுங்கோ! முதல் வாயில வாறதை ஆராவது முடிவெண்டு...”

நிறுத்தினார்.

வாய் திறந்தபடியே இருந்தது.

“எண்டு?” என்றார் டீச்சர், அவர் பேசுவதைப் போலவே.

சிவபாதம் தொப்பியை எடுத்தார். அதற்குள் எதையோ தேடுவதைப் போலப் பார்த்தார்.

“கடையைப் பாருங்கண்ணே. ஆள் நிக்குது,” என்று சொல்லிவிட்டு டீச்சர் வெறும் பையோடு போனார்.

*

மறுநாள் நகரசபை திறந்தபோது வாசலில் நின்ற முதல் ஆள் சிவபாதம்.

“உங்களிடம் சொன்னேனே, ஐயா,” என்றார் கண்ணாடிக்கார அதிகாரி பிரெஞ்சில். “முடியாது.”

சிவபாதத்தின் முகத்தில் சிரிப்பு வந்தது. கத்தரிக்காயில் சொத்தை என்று யாராவது சொல்லும்போது வருகிற சிரிப்பு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அப்படியா, மதாம். பிறகு?”

“பிறகு என்றால்?”

“எது முடியாது? புதனா, சனியா?”

“இரண்டும்தான். யோகாச் சங்கம் கேட்டிருக்கிறது.”

“மாலையிலா?” சிவபாதம் கன்னத்தில் கை வைத்தார். “மதாம், நான் யோகா பிறந்த பக்கத்து ஆள். அதை வெறும் வயிற்றில் செய்ய வேண்டும். விடியற்காலையில். மாலையில் செய்தால் அஜீரணம்.”

அஜீரணத்துக்குப் பிரெஞ்சில் என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியாது. வயிற்றைப் பிடித்துக் காட்டினார். அவருடைய வசனங்களில் காலும் இல்லை, தலையும் இல்லை. ஆனால் அவை நிற்காமல் வந்துகொண்டிருந்தன.

அதிகாரியின் உதடு ஓர் ஓரத்தில் துடித்தது. “அது சங்கத்தின் விருப்பம்.”

“சங்கத்தில் யாருடைய விருப்பம்? புதன்கிழமை பள்ளிக்கூடம் இல்லையே. பேரப்பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்?”

“அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?”

“கேட்டால் தெரியும். நான் இருக்கிறேன். அவசரம் இல்லை.”

அதிகாரி அவரைப் பார்த்தார். தொலைபேசியைப் பார்த்தார். எடுத்தார்.

சங்கத் தலைவி அந்தப் பக்கம் பேசிய சத்தம் சிவபாதம் வரைக்கும் கேட்டது. புதன்கிழமை தனக்கு ஆகவே ஆகாதென்றும், மூன்று பேரப்பிள்ளைகளும் வீட்டில் நிற்பார்களென்றும், நகரசபைதான் அந்த நாளைத் தன் தலையில் கட்டியதென்றும் அந்த அம்மாள் சொல்லிக்கொண்டே போனார்.

அதிகாரி தொலைபேசியை வைத்தார். “புதனை எடுத்துக்கொள்ளுங்கள். சனி முடியாது.”

“அப்படியா, மதாம்,” என்றார் சிவபாதம். நாற்காலியில் இன்னும் வசதியாகச் சாய்ந்தார். “பிறகு?”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

“உங்களுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பது யார்?”

“மதாம் ஜைனபா.”

“பச்சை முக்காடா?”

“ஆமாம்.”

“முதன்முதலில் அறை கேட்டு வந்த அன்றைக்கு அவர் கையில் ஒரு வாளி இருந்தது,” என்றார் அதிகாரி. “வேலை முடிந்து நேரே வந்திருந்தார். முடியாது என்றேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு இதே நாற்காலியில் உட்கார்ந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட என்னை எழுந்திருக்க விடவில்லை.”

சிவபாதம் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் குனிந்து பார்த்தார். ஒரு கை தானாக அதன் விளிம்பைத் தடவியது.

“அவர் வகுப்பில் உங்களைப் போல எத்தனை பேர்?” என்று கேட்டார் அதிகாரி.

“இருபது பேர், மதாம். அடுத்த வாரம் இன்னும் ஐந்து பேர் சேருகிறார்கள். வேண்டுமென்றால் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.”

அதிகாரி அவசரமாக மேசை இழுப்பறையைத் திறந்தார்.

*

புதன்கிழமை மாலை. வழக்கம்போல நூலகத்துக்காரர் கதவைத் திறந்துவிட, வகுப்பு நிறைந்திருந்தது. சிவபாதம் கடைசியாக வந்தார்.

“என்ன சொன்னாங்க?” என்று கேட்டார் டீச்சர்.

“ஏலாதெண்டினம்.”

“அப்புறம்?”

சிவபாதம் சாவியை மேசையில் வைத்தார்.

“புதனும் எங்களுக்கு, சனியும் எங்களுக்கு. யோகாக்காரர் சனிக்கிழமை காலமை வந்திட்டுப் போவினம். போகேக்குள்ள மேசை கதிரையளை அடுக்கி வைச்சிட்டுத்தான் போகவேணும். அதையும் கேட்டு வாங்கினன்.”

வகுப்பில் ஒருவர் விசிலடித்தார். மேசைகள் அதிர்ந்தன. டீச்சர் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்தார். முடிச்சுப் போட அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சத்தம் அடங்கியதும் சிவபாதம் பையிலிருந்து அந்த முருங்கைக்காய்க் கட்டை எடுத்து நீட்டினார்.

“இது சும்மா, ரீச்சர். கொண்டு போங்கோ.”

“சும்மா வேணாம். வெல சொல்லுங்க.”

சிவபாதம் சொன்னார். டீச்சர் அதில் பாதியைச் சொன்னார்.

சிவபாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “ஐயோ! கட்டாது, ரீச்சர். சத்தியமா ஏலாது.”

டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.