தினப்படி அலை

"இன்னும் எத்தினி தடவைதான் இந்த போர்டை ஓட்டிப் பாக்கறது?"

கங்கா கேட்டா. கேட்டான்னு சொல்றது மரியாதைக்கு. கத்தினா.

தேசப்பன் நிமிரல. வேற யாரோட போர்டையோ உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக்கிட்டிருந்தான்.

"நீங்க இன்னும் ஒரு தடவைகூட ஓட்டிப் பாக்கலியேக்கா."

பத்திக்கிச்சு அவளுக்கு.

தேசப்பன் வயசுல அவளைவிடச் சின்னவன். மீன்பிடிக்கற ஃபைபர் போட்டுக்கு ஓட்டை அடைக்கறது அவன் தொழில். அலைமேல நின்னு ஓட்டற போர்டு செய்யறது அவன் பைத்தியம். கங்காவை முதமுதல்ல போர்டு மேல நிக்க வெச்சது அவன்தான். அதனால அவளுக்கு அவன் மாஸ்டர். அவனுக்கு அவ அக்கா. யாரு யாருக்குக் கும்பிடு போடறதுன்னு ரெண்டு பேருக்கும் இன்னிவரைக்கும் தெளிவில்ல.

"மாஸ்டர், ஞாயித்துக்கிழமை செலக்‌ஷன். தெரியுமில்ல?"

"தெரியும்."

"போர்டு இல்லாம போனா மாநில டீம்ல எவனும் சேத்துக்க மாட்டான். இந்த வருஷம் விட்டா அடுத்த வருஷம் என்னை ஆன்ட்டின்னு கூப்பிடுவானுங்க."

"கூப்பிடட்டுமே."

"அப்ப போர்டைக் குடுங்க."

"ஓட்டிப் பாருங்க. தரேன்."

அந்த போர்டைக் கேட்டவ அவதான். மெல்லிசா, கூரா, கால் கட்டைவிரலை அழுத்தினாலே சடார்னு திரும்பணும். போட்டிக்காரங்க வெச்சிருப்பாங்களே, அந்தமாதிரி. தேசப்பன் அப்படியே செஞ்சான். ஆனா அவன்கிட்ட ஒரு சட்டம். நம்ம கரையில எல்லாரும் ஓட்டற தினப்படி அலையில ஓட்டிப் பாத்துட்டு, எப்படி இருக்குதுன்னு வந்து சொல்லணும். அதுவரைக்கும் எந்த போர்டும் சாயங்காலம் அவன் கொட்டாய்க்குத் திரும்பி வந்துடணும்.

"நான் வாரம் பூரா ஓட்டியிருக்கேன். கத்தி மாதிரி போவுது. திருப்பினா திரும்புது. இதுக்கு மேல இன்னா வேணும்? பாட்டு பாடணுமா அது?"

தேசப்பன் எழுந்து வந்தான். போர்டு மேல கால் வழுக்காம இருக்கத் தடவியிருந்த மெழுகை நகத்தால சுரண்டினான். உள்ளங்கையில வெச்சு அவ மூஞ்சிக்கு நேரா நீட்டினான்.

மெழுகுல கறுப்பு மண்ணு.

நம்ம கரையில மண்ணு மஞ்சளா இருக்கும். முகத்துவாரத்துலதான் கறுப்பு.

"ஆமா, முகத்துவாரத்துக்குத்தான் போனேன். அதுக்கு இன்னா இப்ப? அலைன்னா அலைதானே?"

"அங்க அலை எப்படி?"

"தகடு மாதிரி வரும். ஒண்ணொண்ணா. வரிசையா."

"ஓட்டறவங்க எத்தினி பேரு?"

"ஒருத்தருமில்ல. அதான் நிம்மதி."

"நல்ல அலையில கதவைக் கழட்டிப் போட்டாக்கூட ஓடும்க்கா."

அவன் மறுபடியும் உப்புத்தாளை எடுத்துக்கிட்டான்.

நிம்மதின்னு சொல்லிட்டு வந்துட்டா. ஆனா ராத்திரி படுத்தா தூக்கம் வரல. அன்னைக்குக் காலையில முகத்துவாரத்துல ஒரு அலை கிடைச்சுது அவளுக்கு. வாழ்நாள்ல அப்படி ஒண்ணு கிடைச்சதில்ல. மேலேறி, கீழ விழுந்து, மறுபடி மேலேறி, தண்ணி விசிறி மாதிரி பறந்துச்சு. முடிஞ்சதும் தன்னை அறியாம திரும்பி, யாராவது பாத்தாங்களான்னு பாத்தா.

ஒரு கொக்கு நின்னுச்சு. அதுவும் மீனைத்தான் பாத்துக்கிட்டிருந்துச்சு.

மறுநாள் போர்டைக் கொண்டாந்து கொட்டாய் வாசல்ல டமார்னு போட்டா.

"பாத்துக்கோங்க. மஞ்ச மண்ணு. நம்ம கரை. நம்ம ஊரு அலை. காத்து மூஞ்சியில அறையுது, அலை சோத்துக்கஞ்சி மாதிரி கலங்கிக் கிடக்குது. அதுலயும் ஓட்டினேன். போதுமா?"

தேசப்பன் குனிஞ்சு பாத்தான். மண்ணைப் பாக்கல. மெழுகை விரலால தொட்டான். கட்டி கட்டியா இருக்க வேண்டிய மெழுகு நெய் மாதிரி வழிஞ்சு, ஓரத்துல தேங்கி இறுகியிருந்துச்சு.

"மொட்டை வெயில்ல போயிருக்கீங்க."

"வெயில்ல கடல் லீவா?"

"நம்ம ஊர்ல யாரு மத்தியானத்துல அலை ஓட்டறாங்கக்கா?"

"நான் ஓட்டறேன்!"

"அதைத்தான் நானும் பாக்கறேன்."

கங்காவுக்குக் காது சூடாச்சு.

"மாஸ்டர், நீங்க போர்டு செய்யறீங்களா, இல்ல போலீஸ் வேலை பாக்கறீங்களா? மண்ணை மோந்து பாக்கறது, மெழுகைத் தொட்டுப் பாக்கறது! போட்டியில ஜட்ஜ் வந்து என் மெழுகையா பாக்கப் போறான்? ஓட்டறதைத்தானே பாக்கப் போறான்?"

"ஆமா."

"அப்புறம் இன்னா?"

"காலையில போங்க. எல்லாரும் இருக்கறப்ப."

"அவ இருப்பா."

"எவ?"

"நடிக்காதீங்க."

அவன் நடிக்கத்தான் செஞ்சான். ஊருக்கே தெரிஞ்ச கதை அது. சித்திரையில நடந்த போட்டியில நாகவள்ளியும் கங்காவும் ஒரே அலையில எழுந்தாங்க. ரெண்டும் சின்ன வயசுலருந்து ஒண்ணா நீச்சல் அடிச்சதுங்க, ஒரே தட்டுல துன்னதுங்க. ஒரு அலையில பக்கத்துக்கு ஒருத்தர்தான் ஓட்டணும்; ரெண்டும் ஒரே பக்கம் திரும்பி மோதிக்கிச்சுங்க. கங்காவோட பழைய போர்டு ரெண்டாப் பொளந்துச்சு. அலை யாருதுன்னு கரையில நின்னு கத்தினாங்க. ஊரே வேடிக்கை பாத்துச்சு. கங்காவோட வாய் எப்படின்னு ஊருக்குத் தெரியும். அன்னைக்கு அந்த வாய் அதுக்கு மேல போச்சு.

அதுலேருந்து பேச்சில்ல. நாகு காலையில எல்லாரோடயும் இறங்குவா. கங்கா எல்லாரும் போனப்புறம் இறங்குவா, இல்லன்னா ஊரைவிட்டு முகத்துவாரத்துக்கு நடந்து போயிடுவா.

"அந்த அலை என்னுது மாஸ்டர். இப்பவும் சொல்றேன். எங்க வேணா வந்து சொல்றேன்."

"இருக்கலாம்."

"இருக்கலாமா? நீங்க கரையிலதானே நின்னீங்க! பாத்தீங்கல்ல!"

"பாத்தேன்."

"அப்ப சொல்லுங்க, யாரு அலை அது?"

தேசப்பன் தன் மேல ஒட்டியிருந்த வெள்ளைத்தூளைத் தட்டிவிட்டான்.

"போயிடுச்சுக்கா அந்த அலை."

கங்கா போர்டை அங்கயே விட்டுட்டுத் திரும்பினா.

"ரிசார்ட்டுல வாடகை போர்டு எடுத்துக்கறேன் போங்க," அப்படின்னு சொல்லிட்டு நடந்தா.

"சரிக்கா."

சரின்னு சொன்னதுதான் அவளைத் தின்னுச்சு.

சனிக்கிழமை காலையில, வெளிச்சம் சரியா வர்றதுக்குள்ள கொட்டாய் வாசல்ல வந்து நின்னா. போர்டை எடுத்துக்கிட்டு நேரா கடலுக்குப் போனா.

பத்துப் பன்னெண்டு பேரு தண்ணியில இருந்தாங்க. சிரிச்சுக்கிட்டு, ஒருத்தன் மேல ஒருத்தன் தண்ணி அடிச்சுக்கிட்டு. அவ வர்றதைப் பாத்ததும் சிரிப்பு கொஞ்சம் தணிஞ்சுது. யாரும் முறைக்கல. யாரும் வான்னும் சொல்லல. நாகு நடுவுல உக்காந்திருந்தா, முதுகைக் காட்டிக்கிட்டு.

கங்கா ஓரமா போய் உக்காந்தா.

அலை தினப்படி அலைதான். இடுப்பு உசரம். சோம்பேறி அலை. வருதான்னு பாத்தா படுத்துக்கும்.

ஒண்ணு வந்துச்சு. போர்டு மேல படுத்து, தண்ணியில கையைப் போட்டு இழுத்தா. போர்டு நகரல, அலை அவளுக்கு அடியில நழுவிப் போச்சு. இன்னொண்ணு. அதுவும் அப்படியே. மெல்லிசு போர்டு, அவ உக்காந்தாலே நெஞ்சு வரைக்கும் முழுவிடுது. ஓரத்துல அலைக்கு பலமே இல்ல. இந்த போர்டைத் தூக்கறதுக்கு பலம் இருக்கறது ஒரே இடத்துல. அலை உடையற உச்சியில.

அந்த உச்சியிலதான் எல்லாரும் உக்காந்திருக்காங்க.

சண்டாளன், தெரிஞ்சேதான் செஞ்சிருக்கான்னு மாஸ்டரைத் திட்டினா. கரையைத் திரும்பிப் பாத்தா. தேசப்பன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஒரு போட்டைச் சுரண்டிக்கிட்டிருந்தான்.

இன்னொரு அலை அடியில நழுவிப் போச்சு.

ஒரு தடவை கரைக்குத் திரும்பிட்டா. பாதி தூரம் போயிட்டா. அப்புறம் அவளே அவளை ஒரு கெட்ட வார்த்தை சொல்லிட்டுத் திரும்பி வந்தா. ஓரத்துல நிக்கல. கையைப் போட்டு, போட்டு, கூட்டத்துக்கு நடுவுல போனா. நாகுவுக்குப் பக்கத்துல. முழங்காலு இடிக்கற தூரம்.

நாகு திரும்பல.

கங்காவும் பாக்கல.

மேல ஒரு பருந்து சுத்திக்கிட்டிருந்துச்சு. ரெண்டு பேரும் அதையே பாத்தாங்க.

அப்பதான் அலை வந்துச்சு. கூரை முகடு மாதிரி நடுவுல எழும்பி, ரெண்டு பக்கமும் சரிஞ்சு. மத்தவங்க எல்லாம் தள்ளி இருந்தாங்க. உச்சி நேரா இவங்க ரெண்டு பேருக்கு வந்துச்சு.

ரெண்டு பேரும் படுத்துக் கையைப் போட்டாங்க. ஒரே நேரத்துல. சித்திரையில போட்டாங்களே, அதேமாதிரி.

"எந்தப் பக்கம்?"

நாகுவோட குரல். மூச்சு வாங்குது அதுல.

நாலு மாசமா கங்கா சேத்து வெச்சிருந்தா. நாகு வாயைத் திறந்தா இதைச் சொல்லணும், அதைச் சொல்லணும், அவ வீட்டுக் கூரை பிச்சுக்கிட்டுப் போறமாதிரி சொல்லணும்னு. எல்லாம் தொண்டைக்கு வந்துச்சு.

"வலது," அப்படின்னா.

எழுந்தா. காலை அழுத்தினா. போர்டு சடார்னு வலது பக்கம் திரும்புச்சு. சோம்பேறி அலைதான், ஆனா உச்சியிலருந்து இறங்கினதால ஓடுச்சு. ஒரு திருப்பு. இன்னொரு திருப்பு. எட்டிப் பாத்தா, நுரைக்கு அந்தாண்ட நாகுவோட தலை மட்டும் தெரிஞ்சுது. அவ இடது பக்கமா போய்க்கிட்டிருந்தா. தலை சின்னதாயிக்கிட்டே போச்சு.

அலை தீர்ந்த இடத்துல கங்கா தனியா மிதந்தா. ரொம்ப தூரத்துல, அந்தக் கோடியில, நாகுவும் தனியா மிதந்தா.

அப்புறம் ரெண்டு பேரும் கையைப் போட்டு நடுவுக்கு வர ஆரம்பிச்சாங்க.

வெயில் ஏறினப்புறம் கங்கா கொட்டாய்க்கு வந்தா. முடியிலருந்து தண்ணி சொட்டுது. போர்டை நீட்டினா. தேசப்பன் வாங்கினான். மண்ணைப் பாக்கல, மெழுகைத் தொடல.

"எப்படிக்கா இருக்குது?"

"வலது பக்கம் நல்லா போவுது."

"இடது பக்கம்?"

"தெரியாது."

"இடது பக்கம் அலை இல்லியா?"

"இருந்துச்சு."

"அப்புறம்?"

கங்கா மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டா.

"அதுல நாகு போனா."

தேசப்பன் போர்டைத் திருப்பி அவ கையிலயே குடுத்துட்டான்.