சுருண்டு விழுந்த பதில்

தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம். அதன் குரு சிவகாமியம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. கேள்வி கேட்டால் லேசில் வாயைத் திறக்க மாட்டார். எதையாவது செய்து காட்டுவார். கோபத்தைப் பற்றிக் கேட்ட ஒருவரின் இலையில் உப்பை அள்ளிக் கொட்டிச் சாப்பிடச் சொன்னார். புரிந்தவர்கள் பாக்கியசாலிகள். புரியாதவர்கள் புரிந்த மாதிரி தலையாட்டினார்கள்.

சமையற்கட்டைக் கவனித்துவந்த சிஷ்யை மரகதவடிவுக்குக் கொஞ்ச நாளாக அடிவயிற்றில் வலி. வந்தால் ஆளைச் சுருட்டிப் போட்டுவிடும். உடம்பை வெல்ல வந்த இடத்தில் உடம்பைப் பற்றிப் புலம்புவதா என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பூஜை முடிந்ததும் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டுவைத்தாள்.

"ஞானிக்கு வலி உண்டாம்மா?"

அம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தார். பதில் சொல்ல வாயெடுத்தவர், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டார்.

கூடமே மெய்சிலிர்த்தது. "ஆஹா, என்ன தத்ரூபம்!" என்றார் மூத்த சிஷ்யர் தாண்டவராயர். அம்மா வாந்தி எடுத்தார். அதற்கும் ஓர் அர்த்தம் இருக்குமென்று தாண்டவராயர் கண்ணை மூடி யோசிக்கத் தொடங்கினார்.

இப்படிச் சுருள்வது எதனால் என்று மரகதவடிவுக்குத் தெரியும். ஓடிப்போய் நெற்றியைத் தொட்டாள். சில்லென்று வியர்த்திருந்தது.

"ஐயா, இது பதில் இல்ல, நெசமாவே வலி! ஆட்டோவக் கூப்பிடுங்க!"

"அம்மாவைத் தொடலாமா நீ?"

"தாண்டவராயரே," அம்மா முனகினார். "ஆட்டோ."

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த கையோடு ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த மரகதவடிவுக்கும் வலி வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வேண்டாத தெய்வமில்லை.

டாக்டரம்மா வெளியே வந்தார். "சினைப்பையில ஒரு கட்டி. அந்தப் பாரத்துல சினைப்பையே முறுக்கிக்கிட்டு ரத்தம் போகாம நின்னுருக்கு. முறுக்க எடுத்துவிட்டுட்டோம், கட்டியையும் எடுத்தாச்சு. லேட்டா வந்திருந்தா சினைப்பை போயிருக்கும்."

"வயித்துல பால வார்த்தீங்கம்மா" என்று மரகதவடிவு ஓவென்று அழுதாள்.

சாயங்காலம் அம்மா கண் விழித்தார்.

"பயந்துட்டியா?"

"இப்பத்தாம்மா எனக்கு மூச்சே வந்திருக்கு."

அம்மா சிரிக்கப் பார்த்தார். தையல் இழுத்தது. "ஸ்ஸ்... நான் ஞானியான்னு தெரியல. வலி உண்டு."

மரகதவடிவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். "அத்தனை பேர் இருந்தும் ஒருத்தருக்கும் தெரியலியேம்மா!"

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"நான் விழுந்ததும் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டாங்க. உன் கை மட்டும் உன் வயித்துக்குப் போச்சு" என்றார் அம்மா. "டாக்டரம்மா இன்னும் வீட்டுக்குப் போகல. போய்ச் சொல்லு."