ஒரு இஞ்சுக்குப் பத்தடி

இந்தக் கதையில் ஓர் இடத்தில் நீங்கள் வயிறு வலிக்கச் சிரிக்கப் போகிறீர்கள். எந்த இடம் என்று இப்போதே சொல்வதாக இல்லை. அதற்கு முன்னால் ஒரு கொசு சாக வேண்டும், ஒருவர் டீ குடித்து முடிக்க வேண்டும், சடையாண்டி ஒரு வீடு கட்ட வேண்டும். கொஞ்சம் பொறுங்கள்.

கோணக்குளத்துச் சடையாண்டிக்குப் பொன்னுருவியைத்தான் கட்டிக்கொள்ள ஆசை. அவளுடைய அப்பா வெள்ளத்துரை ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"தை பிறந்து முதல் வெள்ளிக்கிழமை பொண்ணோட வருவேன். சொந்த வீட்டுல பால் காய்ச்சணும். வீடு இல்லேன்னா பொண்ணும் இல்ல. அம்புட்டுத்தான்."

சடையாண்டி தன் இரண்டு கூட்டாளிகளோடு டவுனுக்கு ஓடினான். ஒருவன் கொண்டல்சாமி, எதற்கும் தீர்ப்புச் சொல்பவன். இன்னொருவன் மூக்கையா, எதையும் சந்தேகப்படுபவன். வீட்டுப் பிளான் வரையும் அருளப்பன் டீயும் கையுமாகவே ஒரு பிளானை வரைந்து முடித்தார்.

"பாருங்க தம்பிகளா, வீடு பெரிசு, பேப்பர் சின்னது. அதனால ஒரு இஞ்சுக்குப் பத்தடின்னு போட்டிருக்கேன். பேப்பர்ல ஒரு இஞ்ச் இருந்தா, தரையில பத்தடி. அப்போ அரை இஞ்சுன்னா?"

"அஞ்சடி!" என்றார்கள் மூவரும், ஒரே தொண்டையாக.

அருளப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சபாஷ்!" என்று பேப்பரில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். அங்கே உட்கார்ந்திருந்த கொசு அதோடு சரி. டீ கிளாஸை வரைந்த வீட்டின் மேலேயே வைத்தார். பிறகு எடுத்துக் குடித்து முடித்துவிட்டு, பேப்பரை இரண்டாக மடித்துக் கொடுத்தார்.

"இதுல இருக்கிறதை ஒண்ணு விடாம அப்படியே கட்டணும். முக்கியமா, உங்க மூளையைப் பயன்படுத்தக் கூடாது."

"அதுக்கு நாங்க பொறுப்பு," என்று கொண்டல்சாமி வாக்குக் கொடுத்தான்.

வேலை ஜோராக நடந்தது. கணக்கில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒன்றரை இஞ்ச் சுவர் பதினைந்து அடி நீளத்துக்கு எழும்பியது, கால் இஞ்ச் கதவு இரண்டரை அடிக்கு வந்தது. கூரை போடும்போதுதான் மூக்கையா பேப்பரைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"ஏப்பா, மேற்கு மூலையில கொசு இருக்கே! வீட்டுக்கு எதுக்குக் கொசு?"

"உங்க வீட்டுல இல்லையா?" என்றான் கொண்டல்சாமி.

"இருக்கு."

"அப்புறம் என்ன? நாம மறந்திருப்போம். படிச்ச மனுஷன், ஞாபகமாப் போட்டிருக்காரு."

அளந்தார்கள். கால் இஞ்ச். அப்படியென்றால் இரண்டரை அடிக் கொசு. சடையாண்டி குளத்தங்கரை முழுக்கத் தேடினான், அந்த அளவில் ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் களிமண்ணில் செய்து மூலையில் வைத்தார்கள். வயிற்றை நசுக்கி, பேப்பரில் உள்ளபடியே சிவப்பும் பூசினார்கள். பேப்பரில் இருந்த கொசுவுக்கு ஒரு கால் குறைந்தது. அதனால் இதிலும் குறைத்தார்கள்.

"நடுவுல ஒரு மடிப்பு இருக்கே?" என்றான் மூக்கையா. "வீட்டை மடிக்கணுமா?"

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். கொண்டல்சாமி தீர்ப்புச் சொன்னான். "முதல்ல குடி வரட்டும். எங்கேயாவது எடுத்துட்டுப் போறப்ப மடிச்சுக்கலாம்."

மிச்சம் இருந்தது ஒரு வட்டம். வீட்டைச் சுற்றி, பழுப்பு நிறத்தில், இரண்டு இஞ்ச் அகலத்துக்கு. இருபது அடி!

"பழுப்புன்னா மண் சுவர்," என்றான் சடையாண்டி. "ஆனா எவ்வளவு உசரம்?"

"கட்டுறவன் தலை மறையுற வரைக்கும்," என்றான் கொண்டல்சாமி.

உள்ளே நின்றுகொண்டு கட்டினார்கள். தலைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசிக் கை மண்ணை அப்பும்போது மூக்கையா மெதுவாகக் கேட்டான், "வெளிய போக வழி?"

"பேப்பர்ல வட்டம் எங்கேயாவது விட்டிருக்கா?" என்றான் கொண்டல்சாமி.

"இல்ல."

"மூளையைப் பயன்படுத்தாதேன்னு அந்த மனுஷன் சொன்னாரா, இல்லையா?"

மூக்கையா அந்தக் கடைசி மண்ணையும் அப்பி முடித்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளத்துரையும் வந்தார், கையில் ஒரு செம்புப் பால், பின்னால் பொன்னுருவி. சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"மாப்ளே! வாசல் எங்க?"

"பேப்பர்ல இல்லீங்க மாமா!" என்றது சுவர்.

"என்ன பேப்பரு? தூக்கிப் போடு பார்ப்போம்!"

கல்லில் சுற்றிய பேப்பர் மேலே பறந்து வந்து விழுந்தது. பொன்னுருவி எடுத்துப் பிரித்தாள், முகர்ந்தாள்.

"டீ வாசம் வருதுப்பா."

வெள்ளத்துரை பார்த்தார். மீசை துடித்தது. "அட மடப்பயலுகளா! வரைஞ்சவன் டீ கிளாஸை வெச்சு எடுத்திருக்கான்டா! இது டீ! இதைப் போயி சுவருன்னு கட்டி வெச்சிருக்கீங்களே! இவனுக்கா என் பொண்ணு? நட புள்ள, போவோம்!"

உள்ளே சடையாண்டி களிமண் கொசுவுக்குப் பக்கத்தில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தான். வெளியே பொன்னுருவியின் கொலுசுச் சத்தம் நகர்ந்தது. டீ என்கிறாரே, டீ... அப்படியானால்... 'பளார்' என்று தன் நெற்றியில் அவன் அறைந்துகொண்டது வெளியே வரைக்கும் கேட்டது.

"மாமா! போகாதீங்க! புரிஞ்சுபோச்சு!"

கொலுசு நின்றது.

"என்னத்தப் புரிஞ்சுக்கிட்ட?"

"இது சுவரே இல்ல மாமா! கட்டியிருக்கக் கூடாது, டீயா ஊத்தியிருக்கணும்! அதுக்குத்தானே பால் காய்ச்சணும், பால் காய்ச்சணும்னு ஒத்தைக்கால்ல நின்னீங்க! என் மரமண்டைக்கு இப்பத்தான் உறைச்சுது. கையில எம்புட்டுப் பால் இருக்கு?"

"ஒரு செம்பு," என்று வெள்ளத்துரை வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"அது பேப்பருக்குத்தான் மாமா பத்தும்! ஒரு இஞ்சுக்குப் பத்தடி. பத்தடிக்கு நூத்தியிருபது இஞ்ச். அப்போ நூத்தியிருபது செம்பு கொண்டாங்க!"

வெள்ளத்துரை மகளின் கையைப் பிடித்து இழுத்தார். அவள் நகரவில்லை. விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நில்லுங்கப்பா," என்றாள் பொன்னுருவி. "இவரு கணக்கு சரியாத்தான் இருக்கு. ஆனா, சக்கரையை மறந்துட்டாரே!"