பாசி வளர்த்தவருக்கு முத்துமாலை

உம்மைத்தான் சொல்கிறேன். குளத்தங்கரை மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு, விருந்தில் மிஞ்சிய சோற்றை வண்டி வண்டியாகத் தண்ணீரில் கொட்டிவிட்டு, பச்சை படிந்ததும் கரையில் குடியிருக்கிறவர்களைக் கைகாட்டினீரே, அந்த உத்தமரைத்தான். பேரைச் சொல்ல மாட்டேன். ஒரு கதை சொல்கிறேன், காதைக் கொடுத்துக் கேளும்.

ரொம்ப காலத்துக்கு முன்னால் கொன்றைநாட்டைச் செண்பகமாறன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் கொடுத்த ஊரை மாலையில் திருப்பிக் கேட்கிற ஆள். ஒருநாள் அண்டை நாட்டுத் தூதனுக்குத் தன் அரண்மனைக் குளத்தைப் பெருமையாகக் காட்டப் போனான். மூன்றாம் படியில் கால் வைத்தான், அவ்வளவுதான். சர்ரென்று வழுக்கித் தொபுக்கடீரென்று உள்ளே விழுந்தான். எழுந்து வரும்போது மீசையின் இரண்டு பக்கமும் பாசி தொங்கியது. தூதன் சால்வையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தான்.

"யார் செய்த வேலை இது?" என்று கத்தினான் ராஜா.

நந்தவன அதிகாரி வில்வநாதர் முந்திக்கொண்டார். குளத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியவரே அவர்தான். "கரையோர மீன்காரத் தெருதான் மகாராஜா. அவர்கள் வளர்க்க விட்ட மீன்களால் வந்த அழுக்கு. நாற்பது வீட்டையும் பெயர்த்துவிட்டால் குளம் கண்ணாடி ஆகிவிடும்."

அந்தத் தெருச் சிவந்தி மீன்கூடையோடு வந்தால் மந்திரிகள்கூட நின்று அவள் பேச்சை ரசிப்பார்கள். அதில் வில்வநாதருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல்.

"இந்த மாதத்துக்குள் காலி செய்யட்டும்," என்றான் ராஜா.

சேதி கேட்ட சிவந்தி கூடையை இறக்கிவைத்துவிட்டு நேரே சபைக்கு வந்தாள். கையில் ஒரு கம்பு. நுனியில் பச்சை நூலாகச் சுற்றியிருந்தது.

"மகாராஜா, இது நூல்பாசி. கம்பை விட்டுச் சுழற்றினால் தலைமுடி மாதிரி சுற்றிக்கொண்டு வரும். உங்களைத் தள்ளிவிட்டது படியில் இருக்கிற வழுக்குப்பாசி. நடுக்குளத்தில் தண்ணீரே பச்சையாக நிற்கிறதே, அது அள்ளினாலும் கைக்குப் பிடிபடாத பாசி. மூன்றும் ஒரே குளத்தில் இருந்தால், யாரோ தீனி போட்டு வளர்க்கிறார்கள் என்று அர்த்தம். மீன் பாசியைத் தின்னும். சமைத்துப் போடாது."

சபை சிரித்தது. வில்வநாதருக்கு முகம் சிவந்தது. "மீன் விற்கிறவளா எனக்குப் பாடம் சொல்வது? இந்த நாட்டில் முளைக்கிற ஒவ்வோர் இலையும் என்னைக் கேட்டுத்தான் முளைக்கிறது."

"அப்படியானால் போட்டி வைப்போம் ஐயா. பாசியை ஒழிக்கிறதுக்கு முன்னால் அது எப்படி வளர்கிறது என்று தெரிய வேண்டாமா? ஆளுக்கு ஓர் அண்டா கிணற்றுத் தண்ணீர், அதில் ஒரு கை குளத்துப் பாசி. யார் அதிகம் வளர்க்கிறார்கள், பார்க்கலாம்."

போட்டி என்றால் ராஜாவுக்குச் சோறு வேண்டாம். "மூன்று நாள் தருகிறேன்."

"மூன்று நாளில் பாசி கண்ணே திறக்காது மகாராஜா. முப்பது."

"அதற்குள் எனக்கு நரைத்துவிடும். ஏழு."

"ஏழு நாளில் அதிகாரி ஐயா தோற்றுப்போவார், பாவம். இருபது."

"பத்து. மேலே பேசாதே."

"உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம், பதினைந்து. ஜெயித்தவர் எப்படி வளர்த்தார் என்று சபையில் ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். அதுவும் பேச்சில் சேர்த்தி."

"சரி. ஜெயித்தவருக்கு என் முத்துமாலை. நீ தோற்றால் நாற்பது வீடும் அன்றைக்கே காலி."

"சம்மதம்," என்றாள் சிவந்தி.

பதினாறாம் நாள் இரண்டு அண்டாவும் சபைக்கு வந்தன. வில்வநாதருடையதில் பச்சைப்பாசி தோசை மாதிரி மிதந்தது. சிவந்தியுடையதில் அடிப்பாகத்துச் சுத்தியல் தடம்கூடத் தெரிந்தது.

"தோற்றுவிட்டாயே," என்றான் ராஜா. வெளியே அவள் தெருப் பெண்கள் மூட்டையைக் கட்ட ஓடினார்கள்.

"தோற்றுவிட்டேன் மகாராஜா. மாலையை அவருக்கே போடுங்கள். பேச்சுப்படி அவர் சொல்லட்டும்."

முத்துமாலை கழுத்தில் விழுந்ததும் வில்வநாதருக்குத் தலைகால் புரியவில்லை. "இது இன்று நேற்று கற்ற வித்தையா? மகாராஜாவின் ஆயுளுக்காகத் தினமும் குளத்து மீன்களுக்குப் பொரியும் சர்க்கரைப் பொங்கலும் மூட்டை மூட்டையாகப் போடுகிறேன். அதையே அண்டாவிலும் போட்டேன். தாமரைக்குக் கொட்டுகிற குதிரைச் சாணத்தையும் கரைத்தேன். மகாராஜாவின் உருவம் தண்ணீரில் பளிச்சென்று விழட்டும் என்று கரையோர மருதமரங்களை வெட்டினேன் அல்லவா? வெயில் பட்டதும் பச்சை எப்படிப் பொங்கியது என்று பார்த்தவன் நான். அண்டாவையும் நடுவெயிலில்தான்..."

அங்கே நாக்கு நின்றது. ராஜா மெதுவாகத் தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"நான் அண்டாவை மரநிழலில் வைத்தேன்," என்றாள் சிவந்தி. "ஒன்றுமே போடவில்லை. அவ்வளவுதான் என் வித்தை."

"தினமும் அந்தப் பொரிக்குத் தலையாட்டியவன் நான்தானே?" என்றான் ராஜா.

"ஆமாம் மகாராஜா. அதனால்தான் யாரும் சொல்லவில்லை."

ராஜா ஒரு கணம் வெட்கப்பட்டான். பிறகு சிம்மாசனம் ஆடும்படி சிரித்தான். வில்வநாதர் மாலையைக் கழற்றப் போனார்.

"கழற்றாதீர். ஜெயித்தது நீர்தானே? அதோடேயே இறங்கிப் படியைத் தேயும்."

முத்துமாலை ஆட ஆட, தேங்காய் நாரும் கையுமாக மனிதர் தினமும் படி தேய்த்தார். வேடிக்கை பார்க்க ஊரே திரண்டது. ராஜா தன் உத்தரவைத் திரும்பப் பெற்றான்; நாற்பது வீடும் நின்ற இடத்தில் நின்றன. குளம் சிவந்தி பொறுப்புக்கு வந்தது. பொரியை நிறுத்தினாள். நூல்பாசியைக் கம்பால் சுருட்டி எடுத்தாள். அடிச்சேற்றை வாரி வயலுக்கு அனுப்பினாள். வெயிலை மறைக்கத் தாமரை இலையைப் படரவிட்டு, கரையில் மருதங்கன்று நட்டாள். அடுத்த மழைக்குப் பிறகு ராஜா படியிறங்கிக் குனிந்தான். தன் முகத்துக்குக் கீழே மீன்கள் போவதைப் பார்த்தான்.

கேட்டீரா? வில்வநாதராவது இறங்கித் தேய்த்தார். நீர் இன்னும் கரையில் நின்று கையைத்தானே நீட்டிக்கொண்டிருக்கிறீர்? கொட்டுவதை இன்றோடு நிறுத்தும். வெட்டிய ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கன்று நட்டு, வேர் பிடிக்கும்வரை நீரே தண்ணீர் சுமந்து ஊற்றும். கைகாட்டிய வீடுகளின் வாசலில் போய் நின்று, கொட்டியது நான்தான் என்று வாய்விட்டுச் சொல்லும். தேங்காய் நார் படியில்தான் வைத்திருக்கிறேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வாரும்.