முசுறு முசுடானது

அந்தக் காலத்தில், எறும்புக்கும் பேச்சு இருந்த காலத்தில், முசுறு எறும்பைப் போல் சாது கிடையாது. மேலே ஏறி மிதித்தாலும் "பார்த்துப் போப்பா" என்றுதான் சொல்லும். நம்பாதவர்கள் மாமரத்தைக் கேளுங்கள்.

ஒரு மத்தியானம் வானம் கறுத்தது. குளத்தங்கரை மாமரத்தில் முசுறு அவசரமாகக் கூடு தைத்துக்கொண்டிருந்தது. இரண்டு இலைகளை வாயால் கவ்விச் சேர்த்துப் பிடித்திருந்தது. வாயைத் திறந்தால் கூடு பிரிந்துவிடும். உள்ளே நாற்பது குஞ்சுகள்.

அணில் வந்தது. "என்னக்கா, மச்சு வீடா?"

முசுறு இலையை இன்னும் இறுக்கிக் கவ்வியது.

"கேட்டா பதில் சொல்ல மாட்டியோ? வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

முசுறுக்கு முகம் சிவந்தது. பிறகு உடம்பும் சிவந்தது. அதற்கு முன் அது வெள்ளை என்பார்கள்.

"கூட்டை வாலால ஒரு தட்டுத் தட்டட்டுமா?" என்றது அணில்.

"தட்டித்தான் பாரேன்டா, திருட்டுப் பயலே!"

கத்த வாயைத் திறக்க வேண்டுமே! இலை படாரென்று விரிந்தது. குஞ்சுகள் பொலபொலவென்று கொட்டின. அணில் ஓடிவிட்டது.

மழைக்குப் பயந்து மரத்தடியில் ஒதுங்கி, துண்டை உதறிக்கொண்டிருந்தான் மாசானம் என்ற குடியானவன். நாற்பதும் அந்தத் துண்டில் விழுந்தன, ஒன்றும் சாகவில்லை. பாவம் பார்த்து, துண்டை மூட்டையாக முடிந்து, பல்லில் கடித்துக்கொண்டு மரம் ஏறினான்.

"யாருடா அவன்? எதுக்குடா ஏறுறே?" என்று சீறியது முசுறு.

"ம்... ம்ம்..." என்றான் மாசானம்.

"ஏன், உன் வாய்லயும் கொழுக்கட்டையா?" பாய்ந்து கழுத்தில் கடித்தது. கடித்த இடத்தில் எரிகிற புளிப்பையும் கக்கியது.

"ஐயோ!" என்று அலறினான். மூட்டை கிளையில் பட்டுத் துள்ளிக் குளத்தில் விழுந்து அவிழ்ந்தது.

"உன் பிள்ளைங்களைத்தானே கொண்டு வந்தேன், முசுடே!" முசுறே என்றுதான் சொல்ல வந்தான், ஆத்திரத்தில் நாக்கு அப்படிப் புரண்டது.

வெள்ளை வெள்ளையாக நாற்பதும் தண்ணீரில் போவதை முசுறு பார்த்தது. அப்புறம் அது பேசவே இல்லை.

வீங்கிய கழுத்தோடு மாசானம் வீட்டுக்குப் போனான். மனைவி ஒச்சம்மா, "துண்டு எங்கே?" என்றாள்.

செம்பைத் தூக்கி எறிந்தான். "முசுடு கடிச்சிருச்சுடி!"

"முசுடு கடிச்சதா, நீயே முசுடாயிட்டியா? ஒரு வார்த்தை கேக்கறதுக்குள்ள கடிக்க வர்றே!"

அன்று முதல்தான் முசுறு பேச வாய் திறப்பதில்லை, கடிக்க மட்டுமே திறக்கிறது. என்ன ஏது என்று கேட்குமுன் பாய்கிற மனுஷனுக்கும் முசுடு என்றே பேர். கடித்து முடித்த பிறகுதான் இருவருமே குளத்தைப் பார்க்கிறார்கள்.